எந்த மொழி சோறு போடும்?

(மாயாபந்தரில் நமது சங்கத்தின் இளைஞர் பகுதி கூட்டிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் வெளியிடுகிறோம். - ஆசிரியர் குழு)



"எந்தக் கணிப்பொறி மொழியைப் படித்தால் வேலை கிடைக்கும், கிடைத்த வேலையில் மனநிறைவு இருக்கும்?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நம் மேடையில் வழக்கமாக நிலப் பட்டா, தினக்கூலி, கப்பல் டிக்கெட்டு, தமிழ்வழிப் பள்ளி ஆகியவை பற்றித்தான் பேசுவோம். அந்த வரிசையில் இது எங்கிருந்து வந்தது என்று சில பெரியவர்கள் கேட்கலாம். நம் வீடுகளிலிருந்துதான் வந்தது, ஐயா. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்: "பைத்தான் என்கிறார்கள், ஜாவா என்கிறார்கள், அக்கரையில் ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்து வேலையும் வாங்கித் தருவோம் என்கிறார்கள். இருக்கிற நகையை அடகு வைக்கலாமா?"

தோழர்களே, இது படிப்பைப் பற்றிய கேள்வி மட்டுமா? ஒரு குடும்பம் கடனில் விழுமா, எழுமா என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல், எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல்கிறேன்.

மொழி நமக்குப் புதிதல்ல

கணிப்பொறி என்பது மின்சாரம் உண்டு, இல்லை என்ற இரண்டை மட்டும் அறிந்த கருவி. அதற்கு நாம் இடும் வேலையை வரிசைப்படுத்தி எழுதுவதற்காக மனிதன் உண்டாக்கிக்கொண்ட எழுத்து முறைகளைத்தான் கணிப்பொறி மொழிகள் என்கிறோம். அந்த மொழியில் எழுதப்படுவது நிரல். உலகில் இப்படிப்பட்ட மொழிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. வேலைச் சந்தையில் பேசப்படுபவை பத்துப் பதினைந்துதான்.

இதைக் கேட்டு மாயாபந்தர்க்காரன் மலைக்க வேண்டியதில்லை. நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான். கடைவீதிக்குப் போனால் இந்தி. பக்கத்து வீட்டில் வங்காளம். 1925-இல் பர்மாவிலிருந்து வந்து வெபியில் குடியேறிய கரேன் மக்களோடு பழகினால் அதிலும் நான்கு சொல் கற்றுக்கொள்கிறான். அரசு அலுவலகத்துக்கு மனு எழுதும்போது ஆங்கிலம். இத்தனை மொழியையும் பணம் கட்டியா படித்தான்? முதல் மொழியில் "இது ஏன், அது எப்படி" என்று கேட்கத் தெரிந்தவனுக்கு இரண்டாம் மொழி பாதி உழைப்பில் வந்தது. மூன்றாவது தானாக வந்தது.

கணிப்பொறி மொழியும் அப்படித்தான். ஒரு மதிப்புக்குப் பெயரிட்டு வைத்துக்கொள்வது, "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று பிரித்துச் சொல்வது, ஒரே வேலையைப் பலமுறை செய்யச் சொல்வது, பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாக வெட்டுவது என்பவை எல்லா மொழிக்கும் பொது. இவற்றை ஒரு மொழியில் உண்மையாகப் புரிந்துகொண்டவன், அடுத்த மொழிக்குச் சில மாதங்களில் மாறிவிடலாம். புரியாமல் மனப்பாடம் செய்தவன் பத்து மொழியின் பெயரை விண்ணப்பத்தில் எழுதினாலும் நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம் தாங்க மாட்டான்.

ஒரே மரத்தை நம்பியவர்கள்

"சரி, ஆனால் எந்த மொழி நிலைக்கும்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

ஃபோர்ட்ரான் என்ற மொழி 1957-இல் வெளிவந்தது. விஞ்ஞானக் கணக்குகளுக்கு ஏற்றது. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த கணிப்பொறியிலும், 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த கணிப்பொறியிலும் நம் நாட்டு மாணவர்கள் அட்டைகளில் துளையிட்டு அந்த மொழியைத்தான் பழகினார்கள். வணிகக் கணக்குக்கு 1959-இல் கோபால் என்ற மொழி உருவானது. வங்கி, காப்பீடு, அரசு ஓய்வூதியம் எல்லாவற்றையும் அமெரிக்காவில் அது எழுதியது. அந்த நிரல்களில் பல, இடத்தை மிச்சப்படுத்த, ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும் போட்டிருந்தன. 2000 பிறந்தால் 1900 என்று குழம்பிவிடுமே என்ற அச்சம் எழுந்தபோது, 1990களின் கடைசியில் கோபால் தெரிந்தவர்களுக்குப் பெரும் கிராக்கி வந்தது. இந்திய நிறுவனங்கள் வளர்ந்தன. ஊருக்கு ஊர் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. 2000 பிறந்தது, திருத்த வேண்டியது திருத்தப்பட்டது, கிராக்கி இறங்கியது. அதே ஆண்டில் அமெரிக்கச் சந்தையும் சரியத் தொடங்கியது. கடைசியாகக் கடன் வாங்கிச் சேர்ந்தவர்கள்தான் அடிபட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலை இழந்த மக்கள் உதவித்தொகைக்குக் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர், கோபால் தெரிந்தவர்கள் முன்வந்து உதவ வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். செத்ததாகச் சொல்லப்பட்ட மொழியில்தான் அந்த மாநிலத்தின் நாற்பது ஆண்டுப் பழைய அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது!

வேறொரு கதையும் உண்டு. இணையப் பக்கங்களில் படம் ஆட, விளையாட்டு ஓட ஃபிளாஷ் என்ற கருவி ஒரு காலத்தில் அரசாண்டது. அதற்கென்றே ஆக்ஷன்ஸ்கிரிப்ட் என்ற மொழியைக் கற்றுப் பலர் வாழ்ந்தார்கள். அந்தக் கருவி ஒரே நிறுவனத்தின் சொத்து. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டது. கோபாலுக்கு வங்கிகளும் அரசுகளும் துணை இருந்தன. ஃபிளாஷுக்கு ஒரு முதலாளி மட்டுமே இருந்தார்.

தோழர்களே, இந்தப் பாடத்தை நமக்குக் கடல் தாண்டி வந்து ஒருவர் சொல்ல வேண்டுமா? இந்தத் தீவில் மரம்தான் சோறு போட்டது. காடு வெட்டவும், மரம் இழுக்கவும், அறுக்கவும் நம் முன்னோர் வந்தார்கள். இது என்றும் இருக்கும் என்று நம்பினார்கள். 2002-இல் உச்சநீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடைகளை விதித்தது. 1977-இல் தொடங்கிய வனத் தோட்டக் கழகத்தை மூடுவதற்கு 2017-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காடு பிழைக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ரம்பம் பிடிக்க மட்டும் தெரிந்தவன் என்ன ஆனான்? மரத்தைப் பற்றித் தெரிந்தவன் தச்சனானான், படகு கட்டினான், வீடு கட்டினான். கருவி ஒன்றை மட்டும் கற்றவன் கருவியோடு போனான்; தொழிலைக் கற்றவன் தப்பினான்.

மொழிக்கு முன்னால் வேலையைத் தேர்ந்தெடு

எனவேதான் சொல்கிறேன்: "எந்த மொழி?" என்பது இரண்டாவது கேள்வி. "எந்த வேலை?" என்பதே முதல் கேள்வி. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையப் பக்கங்கள், கடைகளின் விற்பனைத் தளங்கள் செய்ய விருப்பமா? ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் முடியாது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு; இரண்டும் 1995-இல் வெளிவந்தவை. வங்கி, காப்பீடு, பெரிய நிறுவனங்களின் உள்வேலை என்றால் ஜாவா, சி ஷார்ப். ஆண்ட்ராய்டு கைபேசிச் செயலி என்றால் காட்லின். ஆப்பிள் கைபேசி என்றால் ஸ்விஃப்ட். மோட்டார், மீட்டர், கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணிப்பொறி என்றால் 1972-இல் பிறந்த சி மொழிதான் இன்றும் கைகொடுக்கிறது. புள்ளிவிவரம், ஆராய்ச்சி, செயற்கை நுண்ணறிவு என்றால் பைத்தான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: சேமித்து வைத்த தகவலைக் கேட்டு எடுக்கும் எஸ்.க்யூ.எல். சமையலுக்கு உப்பு போல. உப்பை யாரும் விருந்துக்கு அழைத்துக் காட்டுவதில்லை. இல்லாவிட்டால் இலையை விட்டு எழுந்துவிடுவார்கள்.

"எனக்கு இன்னும் எந்த வேலை என்று தெரியவில்லையே" என்று ஒரு தங்கை முகத்தில் எழுதியிருக்கிறது. பதினேழு வயதில் தெரியாதது குற்றமல்ல. உனக்கு நான் சொல்வது: பைத்தானில் தொடங்கு. நம் தீவின் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பவை, முன்பு சி பிளஸ் பிளஸ் சொல்லித்தந்த இடத்தில் இப்போது பைத்தான்தான் பாடம். தமிழ்நாட்டுப் பாடநூலிலும் பன்னிரண்டாம் வகுப்பில் அதுவே. மத்திய அரசின் நீலிட் நடத்தும் 'ஓ' லெவல் தேர்விலும் நிரல் எழுதும் தாள் இப்போது பைத்தானில்தான். பள்ளியில் இலவசமாகக் கிடைப்பதை உண்மையாகப் படித்துவிட்டு, கூடவே எஸ்.க்யூ.எல். பழகு. ஓராண்டு கழித்து உன் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தத் துறையின் மொழியை மூன்றாவதாக எடு. இந்த வரிசைக்கு நகை அடகு தேவையில்லை.

மனநிறைவு எங்கே இருக்கிறது?

சம்பளத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மனநிறைவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நாற்பது ஆண்டு உழைக்கப் போகிறவன் அதைக் கேட்காமல் எப்படி இருப்பான்?

நிரலாளர்களிடையே ஆண்டுதோறும் உலக அளவில் நடத்தப்படும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணக்கெடுப்பில், கையாண்டவர்கள் மிகவும் விரும்பும் மொழி என்று 2016 முதல் பல ஆண்டுகளாக ரஸ்ட் என்ற மொழி முதலிடம் பெற்றுவந்திருக்கிறது. ஆனால் 2024 கணக்கெடுப்பில் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் எட்டில் ஒருவர்தான். ஜாவாஸ்கிரிப்ட் பயன்படுத்துவோர் பத்தில் ஆறு பேருக்கு மேல். பிடித்த மொழி ஒன்று, சோறு போடும் மொழி மற்றொன்று என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

சில சமயம் இரண்டும் ஒன்றாகும். ஜப்பானியரான மாட்ஸுமோட்டோ, நிரல் எழுதுகிறவன் மகிழ்ச்சியாக எழுத வேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்டு ரூபி என்ற மொழியைச் செய்து 1995-இல் வெளியிட்டார். அந்த மொழியைக் கொண்டுதான் 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் தன் முதல் சரக்கைக் கட்டியது. 2021-இல் அந்த நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தைக்குப் போனது. இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் ரூபிக்கு ஓடாதீர்கள். அவர்களிடம் விற்பதற்கு ஒரு சரக்கு இருந்தது, வாங்குவதற்கு ஆள் இருந்தது. மொழி அதற்கு உதவியது. அவ்வளவுதான்.

மனநிறைவைக் கெடுப்பவை எவை என்று பார்த்தால், அவற்றில் மொழி கடைசியில்தான் வரும். அமெரிக்காவின் பகலுக்காக நம் இரவை விழித்தே கழிப்பது, யாருக்காகச் செய்கிறோம் என்றே தெரியாமல் ஒரு பெரிய இயந்திரத்தின் ஒரு திருகைத் திருகிக்கொண்டிருப்பது, புதிதாக எதையும் கற்க நேரம் தராத மேலாளர், வேலைக்கு உத்தரவாதமில்லாத ஒப்பந்தம். இவை இருந்தால் உலகின் மிக அழகான மொழியில் எழுதினாலும் கசக்கும். பழைய நிரலைப் பழுது பார்க்கும் வேலைதான் புதியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். அது இழிவல்ல. பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் இத்தொழிலின் அடிப்படை. படகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவன்தானே மெக்கானிக் ஆகிறான்?

ஆகவே வேலையில் சேரும்போது மூன்றைக் கேளுங்கள். நான் செய்வதை யார் பயன்படுத்துவார்கள்? எனக்குச் சொல்லித்தர மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா? வேலை நேரம் என்ன? சம்பளம் சற்றுக் குறைந்தாலும் இந்த மூன்றும் நன்றாக உள்ள இடத்தில் முதல் இரண்டு ஆண்டு உழைத்தவன் பின்னால் வருந்துவதில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே!

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "இனி நிரலை இயந்திரமே எழுதிவிடும், எதற்குப் படிக்க வேண்டும்?" என்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இந்தக் கேள்வி ஓயவில்லை. பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில், நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ். ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு துறை என்றும் வளர்ந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கை உடைந்தது உண்மை.

1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணிப்பொறியே வரக்கூடாது என்று போராடினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: இயந்திரத்தால் வரும் லாபம் யாருக்கு? அந்தக் கேள்வியை நாம் கைவிடக்கூடாது. ஆனால் இயந்திரம் வராமல் நிற்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

இன்றைய கருவி நொடியில் நூறு வரி எழுதும். அந்த நூறில் தவறான ஒரு வரியைக் கண்டுபிடிப்பவனுக்குத்தான் வேலை. கூலிக் கணக்கில் ஒரு பூஜ்யம் தவறினால் கருவி பதில் சொல்லுமா? ஆகவே சொற்களை மனப்பாடம் செய்யும் படிப்புக்கு இனி மதிப்பில்லை. படித்துப் புரிந்து, கேள்வி கேட்டு, சரிபார்க்கும் படிப்புக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு மொழியைக் கரைத்துப் புகட்டுவோம் என்ற விளம்பரத்தை நான் சந்தேகிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாயாபந்தரிலிருந்து என்ன செய்யலாம்?

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன்னால் செயற்கைக்கோளை நம்பி, ஒரு பக்கம் திறக்க ஒரு குவளை தேநீர் குடித்து முடிக்க வேண்டியிருந்தது. இன்று போர்ட் பிளேரிலும், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்களே அங்கேதான், நம் ரங்கத்திலும் கேபிள் கரையேறியிருக்கிறது. ரங்கத்திலிருந்து மாயாபந்தருக்குச் சாலைவழி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்த எழுபது கிலோமீட்டருக்குச் சீரான இணைப்பு வேண்டும் என்பது இனி நம் சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். சாலைக்கும் தண்ணீருக்கும் மனு கொடுத்தவர்கள் இதற்கும் கொடுப்போம்.

ஊரை விட்டுப் போனால்தான் இத்தொழில் என்பதும் இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம். 2011-இல் அங்கே சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகப் பட்டம் கேட்காமல், பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. அந்த வாசலுக்கு நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். கிராமத்திலிருந்து உலகத்துக்கு மென்பொருள் போகும் என்றால், தீவிலிருந்து போகாதா?

ஆங்கிலம்தான் தடை என்று ஒதுங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ் கணிப்பொறி நூல்களை எளிய தமிழில் இலவசமாகத் தருகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியில் கட்டளைகளையே தமிழில் எழுதலாம். எழில் தெரியும் என்று சொன்னால் எந்த நிறுவனமும் சம்பளம் தராது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்புக் குழந்தைக்கு நிரல் என்றால் என்ன என்பது தாய்மொழியில் ஒருமுறை விளங்கிவிட்டால், பிறகு வரும் ஆங்கிலச் சொற்கள் வெறும் சொற்கள்தான்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். ஆறு மாதத்துக்குள், கற்ற மொழியில், இந்த ஊரில் ஒருவருக்கு உண்மையில் பயன்படும் ஒன்றைச் செய்யுங்கள். மீன் வாங்கி விற்கும் அக்காவின் கடன் கணக்கு. தினக்கூலித் தொழிலாளி எத்தனை நாள் வேலை செய்தார், எத்தனை நாளுக்குக் கூலி வந்தது என்ற பதிவு. நம் சங்கத்தின் சந்தாப் புத்தகம். செய்து, அவரிடம் கொடுத்து, அவர் "இது சரியில்லை தம்பி" என்று சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள். எந்தச் சான்றிதழும் தராத இரண்டு அதில் கிடைக்கும். உங்களுக்கு இந்தத் தொழில் பிடிக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் எடுத்துக்காட்ட ஒரு வேலையும் கையில் இருக்கும். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் லாபமே. நகை பெட்டியில் பத்திரமாக இருக்கும். பிள்ளை வேறு வழி பார்ப்பான்.

பெற்றோர்களே, அக்கரை நிறுவனம் எதிலாவது சேர்ப்பதாக இருந்தால், முதலில் பிள்ளை இந்த ஆறு மாதத்தைக் கடக்கட்டும். "வேலைக்கு உத்தரவாதம்" என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். சென்ற ஆண்டு படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, அவர்களிடமே பேசுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று நினைக்கிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: கோபால் மொழிக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. நம் படிப்பகத்தில் நான்கு பழைய கணிப்பொறிகள், வாரம் மூன்று மாலை வகுப்பு, சொல்லித்தர மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி மாணவர்கள். புதியது தேவையில்லை, பைத்தான் பழகப் பழைய கணிப்பொறியே போதும். தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் என்று கதவை மூடவும் வேண்டாம். வங்காளிப் பிள்ளையும், கரேன் பிள்ளையும், ராஞ்சிப் பிள்ளையும் பக்கத்தில் உட்காரட்டும். நாளை அவர்கள் எல்லாரும் ஒரே சந்தையில்தான் வேலை கேட்கப் போகிறார்கள். சேர்ந்து படித்தவர்கள் சேர்ந்து கேட்பார்கள்.

எந்த மொழி சோறு போடும் என்று கேட்டீர்கள். தெரிந்துகொண்ட தொழில் சோறு போடும். மொழி அந்தத் தொழிலின் கருவி. கருவியை மாற்றத் தயாராக இருங்கள். தொழிலை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கடனை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.